நாஞ்சில் நாட்டு விளையாட்டு வரலாறு – 17: பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் கடற்கரை

நாஞ்சில் நாடு என்று கண்டிப்பாகச் சொன்னால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு தாலுகாக்களோடு எல்லை முடிந்துவிடும். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளையாட்டு வரலாற்றை எழுதுகிறவன் அந்த எல்லைக்குள் நின்றுகொள்ள முடியாது. குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு மேற்கே, பழைய விளவங்கோடு தாலுகாவின் கரையில் இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடிக்கிறவர்கள் என்று இந்தியாவின் மேற்குக் கரை முழுவதும் இவர்களுக்குப் பெயர். இதே மணலிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து ஆட்டக்காரர்களும் வந்துகொண்டிருக்கிறார்கள். சந்தோஷ் டிராபி அணிகளிலும் துறைசார் அணிகளிலும் ஆடியவர்கள், பிற்காலத்தில் ஐ-லீக், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை போனவர்கள் என்று பட்டியல் நீளும். அந்தப் பெருமையைச் சென்ற பகுதிகளில் போதுமான அளவு பேசிவிட்டோம். இந்தப் பகுதியின் கேள்வி வேறு: இந்த ஆட்டக்காரனைச் சட்டம் எந்த இடத்தில் பார்க்கத் தொடங்குகிறது? மணலில் பந்து உதைக்கும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இருபது வயது இளைஞனுக்கும் இடையில் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த எட்டு ஆண்டுகள் சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை என்பதும், அந்த இன்மையால் இழப்பு முழுவதும் கடற்கரையின் தலையில் விழுகிறது என்பதும் நான் இங்கே நிறுவ விரும்பும் வாதம்.

முதலில் எல்லைக் கதை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டப்படி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அந்த இணைப்புக்காக நடந்த போராட்டத்தின் நியாயத்தை இத்தொடரின் வாசகர்களுக்கு மீண்டும் சொல்லத் தேவையில்லை. ஆனால் எல்லைக்கோடு நீரோடிக்கு மேற்கே விழுந்தபோது, கோட்டுக்கு அந்தப் பக்கம் பொழியூர் கேரளத்தில் நின்றுவிட்டது. ஒரே மணல், ஒரே தொழில், ஒரே பந்து. தூத்தூர் வட்டாரப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. திருச்சபையின் நிர்வாகம் எல்லையைத் தாண்டி நிற்க, விளையாட்டு நிர்வாகம் எல்லையில் முடிந்துவிட்டது. பொழியூர்ப் பையன் கேரள அணிக்கும் நீரோடிப் பையன் தமிழ்நாட்டு அணிக்கும் உரியவனானான். நீரோடிப் பையனின் ஆட்டச் சந்தையோ திருவனந்தபுரத்திலும் அதற்கு வடக்கேயும் இருந்தது. வேலை தரும் வங்கி, காவல்துறை அணிகள் அங்கே. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டம் கூடும் மைதானங்கள் அங்கே. அவனைத் தேர்வு செய்யவேண்டிய சங்கமோ எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில். ஆட்டக்காரன் ஒரு மாநிலத்தில் பிறந்து இன்னொரு மாநிலத்தில் ஆடுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அப்படி ஆடுவதற்கு ஒவ்வொரு முறையும் பதிவும் மாறுதல் கடிதமும் வேண்டும். அந்தக் காகிதங்களைத் தருகிறவர்கள் கையில்தான் அவனுடைய தொழில் இருந்தது.

நமது அரசியல் சாசனத்தில் விளையாட்டு மாநிலப் பட்டியலின் 33ஆவது பதிவில், நாடகக் கொட்டகை, சினிமா, கேளிக்கை ஆகியவற்றோடு ஒரே வரியில் வைக்கப்பட்டிருக்கிறது. சட்டம் செய்தவர்கள் அதைப் பொழுதுபோக்காக நினைத்தார்கள், பிழைப்பாக நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. மாநிலங்கள் இந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஆட்டக்காரனின் உரிமைகளைப் பற்றி விரிவான சட்டம் எதையும் செய்யவில்லை. அந்த வெற்றிடத்தில் தனியார் சங்கங்கள் வளர்ந்தன. மாவட்டச் சங்கம், அதன்மேல் மாநிலச் சங்கம், அதன்மேல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, உச்சியில் ஃபிஃபா. இந்த அடுக்கில் சேராத எதற்கும் அதிகாரபூர்வ இருப்பு கிடையாது. அரசும் இந்த அடுக்கையே தன் சட்டமாக ஏற்றுக்கொண்டது. ஒன்றிய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரச் சான்றிதழ்ப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்கு முதல் படிவம், மாநிலத்துக்காக ஆடியவருக்கு இரண்டாவது, பல்கலைக்கழகங்களுக்கிடையே ஆடியவருக்கு மூன்றாவது, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவருக்கு நான்காவது. ஊர்த் திருவிழாவையொட்டி நடக்கும் போட்டியில் ஐயாயிரம் பேர் முன்னால் மூன்று கோல் போட்டவனுக்கு எந்தப் படிவமும் இல்லை.

இந்த மூன்றாவது படிவம் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியது. கடற்கரைப் பையன்களில் பலருக்கு இந்த அடுக்குக்குள் நுழையும் முதல் வாசல் கல்லூரிதான். கல்லூரி அணிக்கு ஆடி, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடினால் அந்தப் படிவம் கிடைக்கும். படிவம் கிடைத்தால் ரயில்வே, வங்கி, காவல்துறை என்று ஒரு வேலைக்கு வழி. அதாவது நம் கல்லூரி ஆட்டக்காரனுக்குக் கூலி பணமாக இல்லை, சான்றிதழாகத் தரப்படுகிறது. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு பெரும் வணிகம். அங்கே மாணவ ஆட்டக்காரருக்குக் கல்விச் செலவுக்கு மேல் எதுவும் தரக்கூடாது என்ற பழைய ஏற்பாடு நெடுங்காலம் நின்றது. 2021இல் ஆல்ஸ்டன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கல்வி சார்ந்த சலுகைகள் மீதான கட்டுப்பாட்டை ஒருமனதாக உடைத்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட இன்னொரு வழக்கின் உடன்பாட்டின்படி கல்லூரிகள் தங்கள் ஆட்டக்காரருக்கு நேரடியாகவே பணம் பகிரலாம் என்று ஆனது. அந்தப் பணம் நம் கல்லூரிகளில் இல்லை, அந்த வழக்குகளை இங்கே அப்படியே நட முடியாது. ஆனால் அங்கே கேட்கப்பட்ட அடிப்படைக் கேள்வி இங்கேயும் கேட்கத்தக்கது: உழைப்புக்கான பலனை ஒரே ஒரு அமைப்பு தன் விருப்பப்படி தரலாம் தராமலிருக்கலாம் என்றால், உழைத்தவனுக்கு எங்கே முறையீடு? தேர்வில் ஒருவன் காரணமின்றி விலக்கப்பட்டால் அவன் இழப்பது ஒரு ஆட்டத்தை அல்ல, ஒரு அரசு வேலையை. அந்த அளவு கனமான முடிவை எடுக்கும் தேர்வுக்குழு, காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்ற குறைந்தபட்சக் கடமைகூடப் பல இடங்களில் நடைமுறையில் இல்லை.

அடுத்தது வயது. பதினைந்து, பதினாறு வயதில் அகாடமிக்காரர்கள் வருகிறார்கள், அப்பாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவரின் ஒப்பந்தத்தை ஏற்பதில்லை. 1903இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் அத்தகைய ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று தீர்த்துவிட்டது. பையனுக்குப் பாதுகாப்பு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 1949இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வந்த ராஜ் ராணி வழக்கைப் பாருங்கள். திரைப்படத்தில் நடிக்க ஒரு சிறுமியின் சார்பில் தந்தை ஒப்பந்தம் செய்தார். வேலை தரப்படவில்லை. நஷ்டஈடு கேட்டபோது, மைனரின் ஒப்பந்தம் செல்லாது, தந்தை செய்ததும் செல்லாது என்று வழக்கு தோற்றது. பாதுகாக்கவென்று வந்த சட்டமே அந்தச் சிறுமியின் கையிலிருந்த ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டது. இன்றைய அகாடமிப் பையனின் நிலையும் இதுதான். பாதியில் வெளியே அனுப்பினால், தருவதாகச் சொன்ன படிப்புச் செலவை நிறுத்தினால், ஒப்பந்தத்தைக் காட்டி அவனால் எளிதில் வழக்காட முடியாது. அகாடமியின் பக்கமோ ஒப்பந்தம் செல்லாவிட்டாலும் ஆட்டக்காரர் பதிவு கையில் இருக்கிறது. பதிவை விடுவிக்காமல் வைத்திருந்தாலே பையன் வேறெங்கும் ஆட முடியாது. நீதிமன்றம் அமல்படுத்த மறுக்கும் கட்டுப்பாட்டைக் கூட்டமைப்பின் கணினி அமல்படுத்திவிடுகிறது. ஃபிஃபா விதி பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் ஒப்பந்தம் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது என்கிறது, நல்ல விதி. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன்கீழ் 2017இல் வந்த விதிகளும் சர்க்கஸ் நீங்கலான கலை, விளையாட்டு நிகழ்ச்சிகளில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பங்கேற்கலாம் என்று அனுமதித்து, நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஈட்டும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் நிலைவைப்பாகப் போடப்படவேண்டும் என்று சொல்கின்றன. காகிதத்தில் குறை இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு பிரதியாவது தமிழில் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கவேண்டும் என்று மட்டும் எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

இந்தப் பதிவு என்னும் கயிறு நம் நாட்டுக் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரின் பதிவைக் கிளப் தன்னிடமே வைத்துக்கொள்ளும் முறை இருந்தது. 1912இல் ஆஸ்டன் வில்லா கிளப்புக்கு எதிராக ஹெர்பர்ட் கிங்கபி வழக்காடித் தோற்றார். அரை நூற்றாண்டு கழித்து 1963இல் நியூகாசில் கிளப்புக்கு எதிராக ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வென்றார். அந்த முறை தொழிலுக்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்த்தார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய ஆட்டக்காரர் ழான்-மார்க் போஸ்மன் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவருக்கு மாறுதல் கட்டணம் கேட்கக்கூடாது என்றது. நம் ஊரில் இதற்கு ஒப்பான வலுவான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு தொழிலைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்று ஒரே வரியில் முடிக்கிறது. 2006இல் ஜாகிர் கானுக்கு எதிராக ஒரு விளம்பர மேலாண்மை நிறுவனம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு, ஒப்பந்தம் முடிந்தபின் அவரைக் கட்டிவைக்க முடியாது என்றது. பெயர்பெற்ற கிரிக்கெட் வீரரால் உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தது. வள்ளவிளைப் பையனுக்கும் அதே பிரிவுதான் பொருந்தும். அவன் அங்கே போய்ச் சேர்வதுதான் இல்லை.

போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. சிறுவயதிலிருந்து வளர்த்த சிறு கிளப்புகளுக்கு இனி என்ன கிடைக்கும்? 2001இல் ஃபிஃபாவும் ஐரோப்பிய ஆணையமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்குப் பணத்துக்கு மாறினால், அந்தப் பணத்தில் 5 சதவீதம் அவரைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படவேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து வரை ஆண்டுக்கு கால் சதவீதம், பதினாறு முதல் இருபத்துமூன்று வரை ஆண்டுக்கு அரை சதவீதம். இதற்காக 2022 நவம்பரில் ஃபிஃபா ஒரு தீர்வகமே தொடங்கி, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் எந்தெந்த வயதில் எங்கே ஆடினார் என்ற மின்னணுக் கடவுச்சீட்டு போடுகிறது. நாட்டுக்குள்ளே நடக்கும் மாறுதல்களிலும் வளர்த்தவருக்கு ஈடு தரும் ஏற்பாட்டைத் தேசியச் சங்கங்கள் செய்யவேண்டும் என்றும் சொல்கிறது. தூத்தூர்க் கரையில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. படகில் கூலி கிடையாது, பங்குதான். பிடித்த மீன் விற்ற பணத்தில் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரிப்பார்கள். வளர்த்த கைக்கும் ஒரு பங்கு என்பதுதான் ஃபிஃபா விதியின் உள்ளடக்கம். ஆனால் அந்தப் பங்கு சங்கத்தில் இணைவு பெற்ற கிளப்புக்கு மட்டுமே. ஊர் மன்றத்தின் பெயரில் கோவிலடியில் பந்து வாங்கிக் கொடுத்து, வெயிலில் ஓடவிட்டு, மூத்த ஆட்டக்காரரைக் கொண்டு பயிற்சி தந்து ஆளாக்கிய அமைப்பு இணைவு பெறாவிட்டால், கடவுச்சீட்டில் அந்த ஆண்டுகள் வெற்றிடமாக இருக்கும். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரைக்குமான ஆண்டுகள்தாம் பெரும்பாலும் அப்படி விடுபடுகின்றன. ஆட்டக்காரன் உருவாகும் ஆண்டுகள் அவை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். இந்திய ஆட்டக்காரர் எத்தனை பேர் பணத்துக்கு வெளிநாடு போகிறார்கள்? ஒரு கோடி ரூபாய் மாறுதலில் கால் சதவீதம் என்பது ஆண்டுக்கு 25,000 ரூபாய். இதற்காகவா ஊர் மன்றங்கள் சட்டக் காகிதங்களோடு மல்லுக்கட்டவேண்டும்? தொகை சிறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இணைவும் பதிவும் பணத்துக்கு மட்டுமான வழி அல்ல. மாவட்டச் சங்கத்தில் இணைந்த கிளப்புக்குத்தான் அங்கே வாக்கு உண்டு. வாக்கு இருந்தால்தான் மாவட்ட அணித் தேர்வு எங்கே, எப்போது நடக்கவேண்டும் என்பதில் சொல் எடுபடும். பன்னிரண்டு வயதில் பதிவான பையனின் வயதைப் பிறகு எவரும் திருத்த முடியாது. வயதுப் புரட்டால் உண்மையான பதினாறு வயதுக்காரன் இடமிழப்பது குறையும். 25,000 ரூபாய் என்பது ஒரு ஊர் மன்றத்துக்கு ஒரு ஆண்டுக்கான பந்துகளும் வலைகளும்கூட. கடலரிப்பில் ஆண்டுக்காண்டு மணல்வெளி சுருங்கி, தடுப்புக் கற்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே மைதானம் தேடும் கரைக்கு அதுவும் பொருட்படுத்தவேண்டிய தொகையே.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஊர் ஆட்டத்தின் உயிரே அது எவருடைய அனுமதிக்கும் காத்திராததில் இருக்கிறது. அதைப் பதிவேட்டுக்குள் இழுத்தால் சங்கத்தின் கட்டளைக்கு ஊரும் அடிமையாகிவிடும் என்பார்கள். இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. அங்கீகாரம் இல்லாத போட்டிகளில் பதிவுபெற்றவர் ஆடக்கூடாது என்பது கூட்டமைப்புகளின் பொதுவான விதி. கடற்கரை ஆட்டக்காரனுக்கு செவன்ஸ் என்பது வருமானம், பெயர், ரசிகர் எல்லாம். அந்த ஆட்டத்தில் ஒரு இரவுக்குக் கிடைக்கும் பணம் அவனுக்குக் கையில் வரும் பணம். கிளப் சம்பளம் தாமதமாகும் மாதங்களில் குடும்பம் ஓடுவது அதில்தான். அதை விலக்கு என்று சொல்கிற அமைப்பில் ஏன் சேரவேண்டும்?

இதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது; அது தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு வழக்கிலிருந்து வந்தது. சதுரங்கக் கூட்டமைப்பு தன் அனுமதியில்லாப் போட்டிகளில் ஆடியவர்களைத் தடைசெய்தது. பாதிக்கப்பட்டவர்கள் 2011இல் வணிகப் போட்டி ஆணையத்துக்குப் போனார்கள். 2018 ஜூலையில் ஆணையம், அந்தக் கட்டுப்பாடு ஆட்டக்காரரின் உழைப்புக்கான சந்தையை மூடுகிறது என்று கண்டு கூட்டமைப்புக்கு 6.92 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வளர்ந்துவந்த நம் செஸ் பிள்ளைகள் எத்தனை பேருடைய வாழ்வு அந்த விதியோடு கட்டுண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் தீர்ப்பின் எடை புரியும். ஐரோப்பிய நீதிமன்றமும் 2023 டிசம்பரில் பனிச்சறுக்குச் சங்க வழக்கில், வெளிப் போட்டியில் ஆடியவருக்குத் தடை என்று பயமுறுத்தும் விதி வெளிப்படையான, நியாயமான அளவுகோல் இல்லாமல் செல்லாது என்றது. ஆனால் எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை உள்ளிட்டோர் ஹாக்கி இந்தியாவுக்கு எதிராகக் கொண்டுவந்த புகாரில் 2013இல் அதே ஆணையம் சட்டமீறல் இல்லை என்று முடித்தது. தேசிய அணிக்கு ஆட்களைக் காத்துவைக்கும் தேவையை அது ஏற்றது. ஆக, சட்டம் சொல்வது இதுதான்: ஆட்டக்காரரின் உடல்நலம், சூதாட்டத் தடுப்பு, போட்டி அட்டவணை ஆகிய உண்மையான காரணங்களுக்குக் கட்டுப்பாடு வைக்கலாம், சந்தையைத் தன் பிடியில் வைத்துக்கொள்ள மட்டும் வைக்கக்கூடாது. ஒப்பந்தச் சம்பளம் எதுவும் தராமல் வெறும் பதிவை வைத்துக்கொண்டு செவன்ஸ் ஆடாதே என்று ஒரு சங்கம் சொன்னால், இந்த அளவுகோலில் அது நிற்காது என்பது என் உறுதியான கருத்து. அதைச் சொல்லக் கடற்கரை உள்ளே இருக்கவேண்டும். வெளியே நிற்பவனுக்கு விதியை எதிர்க்கும் தகுதிகூட வாய்ப்பதில்லை.

செவன்ஸை நான் புகழ்ந்து முடிக்கவில்லை. 2020 நவம்பர் 20 அன்று கோவா பம்போலிம் மைதானத்தில் ஐ.எஸ்.எல். தொடரின் முதல் ஆட்டம். ஏ.டி.கே. மோகன் பகானுக்கு ஆடிக்கொண்டிருந்த இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்தத் தொடர் முழுவதும் ஆட முடியவில்லை. சென்னை சிட்டியில் தொடங்கி ஜாம்ஷெட்பூர் வழியாகக் கொல்கத்தா வரை போனவர், பிறகு 2022இல் ஒடிசா அணியில் சேர்ந்தார். பெரிய கிளப்பின் ஒப்பந்தத்துக்குள் நிகழ்ந்த காயம் அது. மருத்துவரும் சிகிச்சையும் திரும்பிவரும் வழியும் இருந்தன. அதே காயம் ஒரு செவன்ஸ் இரவில், இருபது வயதுப் பையனுக்கு நேர்ந்தால்? அமைப்பாளர்கள் கூட்டத்தில் பணம் திரட்டித் தரலாம். மனமுள்ளவர்கள் அப்படித் தருவார்கள். ஆனால் கேட்டுப் பெறும் உரிமை அவனுக்கு எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் தொழிலாளி யார் என்று சொன்ன இடத்தில் விளையாட்டு வீரரின் பெயர் இல்லை. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு பத்திரிகையாளரையும் விற்பனை ஊக்குவிப்புப் பணியாளரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. ஆட்டக்காரரை மறுபடியும் மறந்தது. கட்டணம் வாங்கி நடத்தும் எந்தப் போட்டிக்கும் ஆட்டக்காரருக்கான விபத்துக் காப்பீடு இல்லாமல் உரிமம் இல்லை என்று மாநில அரசு ஒரு சிறு விதி செய்தால் போதும். 33ஆவது பதிவு அதற்கான அதிகாரத்தை ஏற்கெனவே தந்திருக்கிறது. செவன்ஸை ஒழிக்கவேண்டியதில்லை, பாதுகாப்போடு நடத்தச் செய்யலாம்.

இத்தனையும் இருக்க, இந்திய விளையாட்டுச் சட்டத்தின் பெரிய வழக்குகள் எதைச் சுற்றி நடந்தன? 2005 பிப்ரவரியில் ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில் கிரிக்கெட் வாரியம் அரசாங்கம் என்ற வரையறைக்குள் வராது என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பானது. 2015 ஜனவரியில், வாரியத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டே சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை நடத்திய நிறுவனத்திலும் பொறுப்பு வகித்த என். சீனிவாசனின் இரட்டை நிலை தவறு என்று உச்ச நீதிமன்றம் கண்டது. நல்ல தீர்ப்புகள்தாம். ஆனால் எல்லாம் நாற்காலியைப் பற்றியவை. கால்பந்திலும் அதுவே நடந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் கூட்டமைப்பின் நிர்வாகத்தைக் கலைத்து மூவர் குழுவை அமர்த்தியது. ஆகஸ்ட் 15 அன்று ஃபிஃபா வெளித்தலையீடு என்று சொல்லி இந்தியாவைத் தடைசெய்தது. ஆசியக் கிளப் போட்டிக்குத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா மகளிர் அணி ஆடாமலே திரும்பியது. பதினோரு நாளில் தடை நீங்கியது. செப்டம்பர் 2 தேர்தலில் கல்யாண் சௌபே 33க்கு 1 என்று பாய்சுங் பூட்டியாவை வென்றார். நாட்டின் மிகப் பெரிய கால்பந்து வீரருக்கு ஒரே ஒரு வாக்கு. வாக்களித்தவர்கள் மாநிலச் சங்கங்கள். அந்தச் சங்கங்களின் வேர் மாவட்டத்தில் இருக்கிறது, மாவட்டத்தின் வேர் இணைவு பெற்ற கிளப்புகளில். கடற்கரை ஊர்கள் இந்த வேரில் இல்லாதவரை உச்சியில் எவர் வந்தாலும் அவர்களுக்குக் கணக்கு இல்லை.

2025இல் இந்த நிர்வாகக் குழப்பம் ஆட்டக்காரனின் வயிற்றிலேயே அடித்தது. 2010இல் கூட்டமைப்பு பதினைந்து ஆண்டுக்கு 700 கோடி ரூபாய்க்குச் செய்த வணிக உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருக்க, கூட்டமைப்பின் சாசன வழக்கோ உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்குக் காத்திருக்க, ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. சாசனத் தீர்ப்பு செப்டம்பர் 19 அன்று வந்தும், ஆண்டு முடியும்வரை தொடர் தொடங்கவில்லை. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்து, பிறகு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா விதி உண்டு. அந்தக் கடிதத்தை எழுத ஒரு வழக்கறிஞர் வேண்டும். எழுதினால் அடுத்த கிளப் சேர்க்குமா என்ற அச்சம் வேறு. 2006இல் பூட்டியா முன்னின்று தொடங்கிய இந்தியக் கால்பந்து வீரர் சங்கம் இருக்கிறது. அதன் கை குமரிக் கடற்கரை வரை நீளவேண்டுமானால், இங்கேயே சட்டம் படித்த, இந்த ஊர்களை அறிந்த ஒருவர் அதன் சார்பில் உட்காரவேண்டும்.

2025 ஆகஸ்ட் 18 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் இப்போது ஒரு புதிய வாசலைக் காட்டுகிறது. தேசிய விளையாட்டு வாரியம், தேர்தல் குழு, இவற்றோடு ஒரு தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம். உரிமையியல் நீதிமன்றங்களுக்கு இந்தத் தகராறுகளில் இனி இடமில்லை; மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு. கூட்டமைப்புகளின் நிர்வாகக் குழுவில் சிறந்த வீரர் இருவரும் பெண்கள் நால்வரும் கட்டாயம். வரவேற்கத்தக்கதே. ஆனால் நாகர்கோவிலில் ஒரு நீதிமன்றத்தில் சிறு வழக்காகப் போடக்கூடியதை இனி தொலைவில் இருக்கும் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகவேண்டுமென்றால், இந்தக் கரைக்கு நீதி இன்னும் தூரமாகும். தீர்ப்பாயம் காணொலியில், தமிழில் மனு ஏற்று, கட்டணமின்றி விசாரிக்கவேண்டும். இணைவு பெறாத கிளப்பும் பதிவில்லாத ஆட்டக்காரனும் மனு தரலாம் என்று விதி தெளிவாகச் சொல்லவேண்டும். அப்படி வராவிட்டாலும் ஒரு வழி மூடப்படவில்லை. 1997இல் சந்திரகுமார் வழக்கில், உயர் நீதிமன்றத்தின் நீதிப்பேராணை அதிகாரத்தை எந்தச் சட்டமும் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிரிக்கெட் வாரியத்தை அரசு அல்ல என்று சொன்ன 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பும் பொதுக் கடமை செய்யும் சங்கத்தை அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்றே முடிந்தது. 2004 ஜூலை முதல் குமரி மாவட்டத்துக்கான உயர் நீதிமன்றக் கிளை மதுரையில் இருக்கிறது. காரணமின்றி மாவட்டத் தேர்விலிருந்து விலக்கப்பட்ட ஒரு கல்லூரி ஆட்டக்காரனோ, இணைவு மறுக்கப்பட்ட ஒரு ஊர் மன்றமோ அங்கே முதல் மனுவைத் தாக்கல் செய்வதற்கு இன்றுள்ள சட்டமே போதும். அதற்கு முந்திய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது: 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் எட்டு ஊர் மன்றங்களும் தங்கள் பெயரைப் பதிந்து, ஆண்டுக் கணக்கைத் தவறாமல் கொடுத்து, பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பன்னிரண்டு வயதுப் பையனின், பெண்ணின் பெயரையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதத் தொடங்குவது.